ரோபோடிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்நிலை வகுப்பு பசங்களுக்கு ரோபோடிக்ஸ் எடுக்கிறவங்க அதிகமா பண்ற தவறு, ஓடாத ரோபோவ தாங்களே வாங்கி சரி பண்ணிக் கொடுக்கிறதுதான். "ஓடல சார்"னு வந்து நின்னதும் ரெண்டு ஒயர மாத்தி புரோகிராம் கோடுல ஒரு லைன் திருத்திக் கொடுத்துடறோம், அதுவும் ஓடிடும், ஆனா முதல்ல ஏன் ஓடல இப்ப ஏன் ஓடுதுன்னு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது.

அடிக்கடி வர்ற ஒரு கேஸ் பாருங்க. ஆர்டுயினோ ஊனோ R3 (புரோகிராம் ஏத்தி ஓட்டுற சின்ன கண்ட்ரோல் போர்டு) வச்ச சின்ன வண்டி, மோட்டார் கிளம்பினதும் போர்டு ரீசெட் ஆகுது, மறுபடி ஆன் ஆகுது, மறுபடி ரீசெட். பசங்க கோடுலதான் தப்புன்னு மணிக்கணக்கா தேடிட்டு இருப்பாங்க. மோட்டார் கிளம்புற நேரத்துல கரண்ட் ரொம்ப இழுக்கும், 9 வோல்ட் சின்ன பேட்டரியால அவ்ளோ கொடுக்க முடியாம வோல்டேஜ் படுத்துடும், அதான் விஷயம். இத வாயால சொல்லிடாதீங்க. மல்டிமீட்டர கையில கொடுத்து பேட்டரி முனையில வச்சு மோட்டார ஓடவிடச் சொல்லுங்க, சக்கரத்த ஒரு நொடி கையால லேசா பிடிக்கச் சொல்லுங்க. நம்பர் இன்னும் கீழ இறங்குறத கண்ணால பாத்த பிள்ளைக்கு அப்புறம் எதுவும் விளக்கவே வேணாம்.

மோட்டார நேரா ஊனோ போர்டோட பின்னுல மாட்ட விடுறதும் தப்பு, ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்ப் வரைக்கும்தான் நல்லது, 40 தான் உச்சம், மோட்டார் அதவிட பல மடங்கு கேக்கும். நடுவுல டிரைவர் போர்டு (பின் சொல்றபடி பேட்டரி கரண்ட மோட்டாருக்கு விடுற போர்டு) வச்சே ஆகணும், ஊனோ, டிரைவர் ரெண்டு பக்கத்து கிரவுண்டையும் (மைனஸ் பக்கம்) சேர்க்க மறக்கவே கூடாது.

இன்னொண்ணு, கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்யுதுன்ற பகுதிய அப்படியே தாண்டிப் போறது. ஊனோல 60 * 1000 போட்டு சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்புறத கம்ப்யூட்டர்ல காட்டுற விண்டோ) பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க, 60000 வராது, -5536 வரும். அதுல இன்ட் (முழு எண் வைக்கிற இடம்) 16 பிட், 32767க்கு மேல தாங்காது. இதே கணக்க ஈஎஸ்பி32ன்ற இன்னொரு போர்டுல ஓட்டினா 60000 சரியா வரும், ஏன்னா அங்க இன்ட் 32 பிட். பைனரி பத்தி கரும்பலகையில எவ்ளோ எழுதினாலும் இந்த ஒரு மைனஸ் நம்பர் கிளப்புற கேள்வி வராதுங்க.

சத்தம் அனுப்பி தூரத்த அளக்குற அல்ட்ராசோனிக் சென்சாருக்கும் அப்படித்தான், "எதிரொலி வர்ற மைக்ரோசெகண்ட 58ஆல வகு, சென்டிமீட்டர் வரும்"னு ஃபார்முலாவ மட்டும் கொடுத்துடாதீங்க. சத்தம் வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், போய்ட்டுத் திரும்பி வரணும், அவங்களே போட்டுப் பாத்து அந்த 58ஐ கண்டுபிடிக்கட்டும்.

முதல் நாள்லயே டிலே (புரோகிராம அப்படியே நிறுத்தி காத்திருக்க வைக்கிற கட்டளை) பழக்கிட்டு கடைசி வரைக்கும் அதுலயே ஓட்டுறதும் வேணாம், டிலேல நிக்கிறப்ப லூப் சென்சார படிக்காது, வண்டி போய் சுவத்துல முட்டும். எல்ஈடி மினுக்குறது முடிஞ்ச கையோட மில்லிஸ்க்கு (நிக்காம நேரத்த மட்டும் பாத்துக்கிற கட்டளை) மாத்திடுங்க.

குரூப்ல ஒரே ஆள் லேப்டாப்ப பிடிச்சுக்கிட்டு மத்தவங்க வேடிக்கை பாக்குறதும் எல்லா லேப்லயும் நடக்குது, ஒவ்வொரு கிளாஸும் ஆள மாத்துங்க. மார்க்கும் ரோபோ ஓடினதுக்கு மட்டும் போடாதீங்க. நல்லா ஓடுற வண்டியில ஒரு ஒயர கழட்டி வச்சுட்டு கொடுங்க, எங்க முதல்ல மீட்டர வைக்கிறாங்க, அடுத்து எதப் பாக்குறாங்கன்னு கவனிச்சு அதுக்கு மார்க் போடுங்க.