லைஃப்ஸ்பேன் டெவலப்மென்ட் பேப்பரை ஒப்பிக்காம படிக்கிறது எப்படி

மொதல்ல என் கதைய சொல்லிடறேன். லைஃப்ஸ்பேன் டெவலப்மென்ட்னா வயித்துல இருக்கறதுலருந்து முதுமை வரைக்கும் மனுஷன் எப்படி வளர்றான்னு படிக்கிற பேப்பர். பிஎஸ்சி சைக்காலஜி ஃபர்ஸ்ட் இயர்ல இதோட மொத இன்டர்னல்ல நான் வாங்குனது 25க்கு 9. படிக்காம வாங்குன 9 இல்ல, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து யோசிக்கிற விதம் வளர்றத சொன்ன பியாஜேவுக்கு 4 ஸ்டேஜ், மனசும் உறவும் வளர்றத சொன்ன எரிக்சனுக்கு 8, சரி தப்பு பாக்கற விதத்த சொன்ன கோல்பெர்க்குக்கு 6, சாவ எதிர்கொள்றத சொன்ன குப்ளர் ராஸுக்கு 5ன்னு வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுட்டு போய் வாங்குன 9. கேள்வி என்னன்னா, ஏழு வயசுக் குழந்தைகிட்ட என்னென்ன வளர்ச்சி தெரியும், விளக்கு. அவ்ளோதான். பியாஜே என்ன சொன்னாருன்னு கேட்டிருந்தா கொட்டியிருப்பேன், வயசை சொல்லிக் கேட்டதும் எல்லாம் கூழா கலந்து போச்சு.

அதனால புக்க தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்குங்க. இடது பக்கம் மேலருந்து கீழ வயசு: வயித்துக்குள்ள, 0-2, 2-6, 6-11, 12-18, 18-40, 40-65, அதுக்கு மேல. குறுக்கால நாலு கட்டம், உடம்பு, யோசிக்கிற விதம், மனசும் சுத்தி இருக்கறவங்களும், கடைசியா 'நம்ம வீட்ல யாரு'. இந்த நாலாவது கட்டம் எந்த புக்லயும் இருக்காது ஆனா எனக்கு மார்க் வந்ததே அங்கருந்துதான். என் சார்ட்ல 6-11ல அத்தை பையன், 12-18ல தம்பி, 40-65ல அம்மா, கடைசி வரில ஆச்சி. கிளாஸ்ல எந்த தியரி நடத்துனாலும் அத தனி நோட்ல எழுதாம இந்த சார்ட்ல அதது வயசுக்கு நேரா எழுதுங்க. அப்புறம் ஏழு வயசு வரிய குறுக்கால படிச்சு பாருங்க, பால்பல் விழுது, கண்ணு முன்னாடி இருக்கற பொருள வச்சு லாஜிக்கா யோசிக்கிற, பியாஜே சொல்ற கான்கிரீட் ஆபரேஷனல் ஆரம்பிக்குது, எரிக்சன் கணக்குல 'என்னால முடியும்'ங்கற இண்டஸ்ட்ரிக்கும் 'நான் மக்கு'ங்கற இன்ஃபீரியாரிட்டிக்கும் நடுவுல மனசு ஆடுது, எல்லாம் ஒரே பையன். ஹோம்வொர்க் நோட்ல மிஸ் போட்ட ஸ்டார வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் தூக்கிட்டு வந்து காட்டுறான்ல, அதான் எரிக்சனோட நாலாவது ஸ்டேஜ். வயசுக் கோட்ட மட்டும் பென்சில்ல போடுங்க, எந்தப் பிள்ளையும் பொறந்தநாள் கேக் வெட்டுன மறுநாள் அடுத்த ஸ்டேஜுக்கு தாவறது இல்ல.

அடிப்படைல ஒண்ணு, குரோத் வேற டெவலப்மென்ட் வேற. ரெண்டு மார்க் கேள்வியா வந்தே தீரும். டேப்பும் தராசும் வச்சு அளக்க முடிஞ்சா குரோத், பொறக்கறப்ப சுமாரா 50 சென்டிமீட்டர் இருக்கற குழந்தை ஒரு வயசுல 75, எடை அஞ்சாறு மாசத்துல ரெண்டு மடங்கு, ஒரு வயசுல மூணு மடங்கு. செய்யற விதமே மாறுனா டெவலப்மென்ட். உயரம் இருபது வயசுக்குள்ள நின்னுடும், டெவலப்மென்ட் கடைசி வரைக்கும் ஓடும்.

அடுத்து செஃபலோகாடல், ப்ராக்ஸிமோடிஸ்டல். வார்த்தைய பாத்து மெரளாதீங்க, மொதல்லது தலைலருந்து கால், ரெண்டாவது நடுவுலருந்து ஓரம். கழுத்து நின்னு, உக்காந்து, அப்புறம்தான் நடை. தோள் மொதல்ல வசப்படும், ரெண்டு விரலால பொரிய பொறுக்கறது ஒம்பது பத்து மாசத்துலதான். இதுக்கு நம்ம ஊர்லயே சூப்பரான உதாரணம் இருக்கு. அந்தக் காலத்துல ஒண்ணாங்கிளாஸ் சேக்கறப்ப தலைக்கு மேல கைய சுத்தி அந்தப் பக்கத்து காதைத் தொடச் சொல்வாங்கன்னு அப்பா சொல்லியிருப்பாருல்ல? பொறந்த குழந்தைக்கு தலை மட்டுமே உடம்புல கால்வாசி, வளந்தவங்களுக்கு சுமாரா எட்டுல ஒரு பங்கு, தலைய விட கை வேகமா நீளறதாலதான் அஞ்சாறு வயசுல காது எட்டுது. பர்த் சர்டிஃபிகேட் இல்லாத காலத்து ஹெட்மாஸ்டர் பாடி ப்ரொபோர்ஷன் டெஸ்ட் எடுத்திருக்காரு, பேர்தான் தெரியாது. இத எக்ஸாம்ல எழுதுனா திருத்தறவங்க சிரிச்சுகிட்டே மார்க் போடுவாங்க.

வயித்துக்குள்ள நடக்கறதுல மூணு பேர் போதும், ஜெர்மினல் மொத ரெண்டு வாரம், எம்ப்ரியோனிக் எட்டாவது வாரம் வரைக்கும், அதுக்கப்புறம் ஃபீட்டல். உறுப்புங்க உருவாகறது நடுவுல இருக்கற அந்த எம்ப்ரியோனிக் சமயத்துலதான், அதனாலதான் மருந்து, சாராயம், சில கிருமிங்களால வர்ற ஆபத்து அப்ப ரொம்ப ஜாஸ்தி. பொறந்த குழந்தை எப்படி இருக்குன்னு உடனே பாத்து போடற அப்கார் ஸ்கோர் 1953ல வெளியானது, பொறந்து ஒண்ணாவது நிமிஷமும் அஞ்சாவது நிமிஷமும் பாப்பாங்க, 10க்கு போடுவாங்க.

எந்த மாசத்துல குழந்தை என்ன செய்யும்ங்கற மைல்ஸ்டோன் மனசுல நிக்கலயா, பிள்ளைத்தமிழ நினைச்சுக்கோங்க. ஸ்கூல்ல பருவப் பேர் பத்தையும் சும்மா ஒப்பிச்சோம், உக்காந்து யோசிச்சா அது பாதிக்கு மேல மைல்ஸ்டோன் சார்ட்தான். செங்கீரைன்னா கைய ஊனி தலைய நிமித்தி ஆடுறது, அஞ்சாம் மாசம்னு சொல்வாங்க. சப்பாணி கை கொட்டுறது, ஒம்பதாம் மாசம். வருகை தளர்நடை போட்டு வர்றது, ஒரு வயசு வாக்குல. இன்னிக்கு பீடியாட்ரிக்ஸ் புக்ல இருக்கற மாசக் கணக்குக்கு பெருசா தூரம் இல்ல. இத பாத்த அன்னிக்கு நான் ஹாஸ்டல் ரூம்ல கத்திட்டேன். எடை உயர சார்ட்ட நேர்ல பாக்கணும்னா பக்கத்து அங்கன்வாடிக்கு ஒரு நாள் போங்க, டீச்சர்கிட்ட கேட்டா காட்டுவாங்க. அதுல இருக்கற அளவுகோல் WHO 2006ல வெளியிட்டது, இந்தியாவையும் சேத்து ஆறு நாட்டுக் குழந்தைங்கள அளந்து போட்டது.

இப்ப பியாஜே. இத படிக்கக் கூடாது, செஞ்சு பாக்கணும். ஒரே மாதிரி ரெண்டு எவர்சில்வர் டம்ளர், ஒல்லியா ஒசரமா ஒரு கிளாஸ், தண்ணி, அஞ்சு வயசுல ஒரு பிள்ளை, ஏழெட்டு வயசுல ஒண்ணு. ரெண்டு டம்ளர்லயும் சமமா ஊத்தி 'ரெண்டும் ஒண்ணா?'ன்னு கேட்டு பிள்ளை ஆமான்னு சொன்னப்புறம் அது கண்ணு முன்னாடியே ஒண்ண அந்த ஒசர கிளாஸுக்கு மாத்தணும், அப்புறம் கேக்கணும். நான் அத்தை வீட்டுல இத சொதப்புனேன். 'எதுல நிறைய இருக்கு?'ன்னு கேட்டுட்டேன், அப்படிக் கேட்டா எதையாவது காட்டித்தானே ஆகணும், பெரியவனே கொழம்பிட்டான். 'இதுல நிறையவா, அதுல நிறையவா, இல்ல ரெண்டும் ஒரே அளவா?'ன்னு மூணு வழியும் தொறந்து வச்சு கேக்கணும். மறுபடி சரியா கேட்டப்ப சின்னவ ஒசர கிளாஸ காட்டுனா, பெரியவன் 'இத திருப்பி ஊத்துனா பழையபடி வந்துடும்ல'ன்னான். அவன் சொன்ன அந்த ஒரு வரிதான் ரிவர்ஸிபிலிட்டி, புக்ல அரைப் பக்கம்.

இங்கயே விமர்சனமும் கைல கெடைச்சிடும். ஒரே கேள்விய ரெண்டு தடவ கேட்டா, மொத பதில் தப்பு போலன்னு பிள்ளை மாத்தி சொல்லுமே? ஆமா, இதத்தான் 1974ல ரோஸும் பிளாங்க்கும் காட்டுனாங்க, மாத்துனப்புறம் ஒரு தடவ மட்டும் கேட்டா நிறைய பிள்ளைங்க சரியா சொல்லுச்சு. பியாஜே சின்னப் பிள்ளைங்கள கொறைச்சு எடை போட்டுட்டாருன்னு வாய்வார்த்தையா எழுதாம இந்த காரணத்த எழுதுங்க.

கூடவே ரெண்டு விஷயம். பிள்ளையோட அம்மாகிட்ட கேட்டுட்டு செய்ங்க, பிள்ளை எந்திரிச்சு ஓடுனா விட்டுடுங்க, பரிசோதனை முடிஞ்சதும் 'உங்க பொண்ணு லேட்டு'ன்னு வாய விட்றாதீங்க, நாம டாக்டர் இல்ல ஃபர்ஸ்ட் இயர். ரெண்டாவது, ரெக்கார்ட்ல பாத்தத எழுதுங்க, நெனச்சத எழுதாதீங்க. 'குழந்தை கோவமா இருந்தது'ங்கறது உங்க முடிவு, 'பொம்மைய வீசிட்டு, திரும்பி செவுத்த பாத்து உக்காந்துச்சு'ங்கறதுதான் அப்சர்வேஷன். என் ரெக்கார்ட்ல மேடம் சிவப்பு பேனாவ வச்சு கோவம், சந்தோஷம், பொறாமைன்னு எழுதுன எல்லாத்தையும் சுழிச்சு விட்டாங்க, பக்கம் பூரா செவப்பு.

அடுத்து வைகாட்ஸ்கி, சுத்தி இருக்கறவங்க மூலமாத்தான் பிள்ளை கத்துக்குதுன்னு சொன்னவர். சின்னது, சீக்கிரம் முடிஞ்சிடும், ஒரே ஒரு கண்ணி மட்டும் இருக்கு. பிள்ளைக்கு தேவையான அளவு மட்டும் கை குடுத்து உதவுற ஸ்கேஃபோல்டிங்ங்கற வார்த்தை அவரோடது இல்ல, அவர் 1934லயே டிபில செத்துட்டாரு, அந்த வார்த்தைய அந்த அர்த்தத்துல 1976ல கொண்டு வந்தது வுட், ப்ரூனர், ராஸ். வைகாட்ஸ்கியோடது ஸோன் ஆஃப் ப்ராக்ஸிமல் டெவலப்மென்ட், அதாவது பிள்ளை தனியா செய்யறதுக்கும் ஒருத்தர் உதவுனா செய்யறதுக்கும் நடுவுல இருக்கற தூரம்.

அடலசன்ஸ்ல, அதாவது டீனேஜ்ல, உடம்பு சமாச்சாரத்துக்கு எட்டாங்கிளாஸ் குரூப் ஃபோட்டோவ எடுத்து பாருங்க, பாதி பொண்ணுங்க பசங்கள விட ஒசரமா நிப்பாங்க, பொண்ணுங்களுக்கு வளர்ச்சி வேகம் சுமாரா ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடுது. மனசு சமாச்சாரத்துக்கு மார்சியா, 1966, 'நான் யாரு, என்ன ஆகப் போறேன்'ங்கறதுல ஒருத்தர் எங்க நிக்கறாருன்னு சொல்ற நாலு ஸ்டேட்டஸ். இதுல ஃபோர்குளோஷர்ங்கறது எதையும் தேடிப் பாக்காமலே முடிவு பண்ணிடறது, அப்பா சொன்னாரு இன்ஜினியரிங் சேந்தேன்ங்கற கேஸ், உங்க கிளாஸ்லயே பத்து பேர் தேறும். தேடிகிட்டே இருக்கு இன்னும் முடிவு இல்லன்னா மொராட்டோரியம், நம்ம ஊர்ல அதுக்கு சொந்தக்காரங்க வைக்கிற பேர் வேற.

மெத்தட்ஸ் யூனிட்ட போர்னு தள்ளிடாதீங்க. எங்க ஆச்சிக்கு ஏடிஎம்ல பணம் எடுக்க தெரியாது, எனக்கு தெரியும். வயசானா மூளை மழுங்கிடும்னு இத வச்சு எழுதலாமா? ஆச்சி படிச்சது அஞ்சாங்கிளாஸ், அவங்க பொறந்த காலம் வேற, அதான் கோஹார்ட் எஃபெக்ட். ஒரே நாள்ல இருபது வயசுக்காரனையும் எழுபது வயசுக்காரங்களையும் பக்கத்துல வச்சு பாக்கற கிராஸ் செக்ஷனல்ல இந்த ஓட்டை எப்பவும் இருக்கும். ஒரே ஆளுங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து போற லாஞ்சிட்யூடினல்ல ஆளுங்க நடுவுல விட்டுட்டு போறது பிரச்சனை. ரெண்டையும் கலந்து ஷாய்ங்கறவர் 1956ல சியாட்டில்ல ஆரம்பிச்சு ஏழு வருஷத்துக்கு ஒரு தடவ பழைய ஆளுங்களயும் சோதிச்சு புது ஆளுங்களயும் சேத்துட்டே போனாரு. கிராஸ் செக்ஷனல்ல சீக்கிரமே சரியற மாதிரி தெரிஞ்ச பல திறமைங்க, அதே ஆளுங்கள தொடர்ந்து பாத்தப்ப அறுபது வாக்குல வரைக்கும் பெருசா சரியலன்னு தெரிஞ்சுது.

கடைசி யூனிட், முதுமை. பேப்பர் பேருலயே லைஃப்ஸ்பேன்னு இருக்கு, ஆனா எல்லாரும் டீனேஜோட புக்க மூடிடறோம். நம்ம பாட்டன் முப்பாட்டனும் அப்படித்தான், பேதை, பெதும்பைன்னு ஏழு பருவம் சொல்லி பேரிளம்பெண்ல, நாப்பது வயசுல, நிறுத்திட்டாங்க. ஆச்சிகிட்ட சொன்னேன், 'அப்ப நான் எந்த கணக்குல?'ன்னு கேட்டாங்க. அதனால நான் சொல்றது, இந்த யூனிட்ட மொதல்ல படிங்க. நாப்பதுல வெள்ளெழுத்துலருந்து ஆரம்பிங்க, அம்மா பேப்பர கைநீட்டி தூரமா புடிச்சு படிக்கறது ப்ரெஸ்பயோபியா. ஃப்ளூயிட் இன்டெலிஜென்ஸ்னா புதுசா ஒரு புதிர வேகமா தீக்கறது, அது வாலிபத்துக்கப்புறம் மெல்ல எறங்கும். கிரிஸ்டலைஸ்டுன்னா சேத்து வச்ச அறிவு, சீக்கிரம் போகாது. ஆச்சிக்கு ஃபோன் லாக் மறந்துடும், யாரு யாருக்கு என்ன முறைன்னு மூணு தலைமுறை சொல்வாங்க. குப்ளர் ராஸோட அஞ்சு ஸ்டேஜ் 1969ல வந்தது, அவங்க பேசுனது சாகப் போறவங்ககிட்ட, எல்லாரும் அதே வரிசைல போவாங்கன்னு எழுதிடாதீங்க.

அசைன்மென்ட்டுக்கு லைஃப் ரிவ்யூ, அதாவது வயசானவங்க தங்க வாழ்க்கைய திரும்பிப் பாத்து சொல்றத, எடுக்கச் சொன்னா 'உங்க வாழ்க்கைய பத்தி சொல்லுங்க'ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, 'என்னத்த சொல்ல'ன்னு முடிச்சிடுவாங்க. பரண்ல இருந்து பேர் வெட்டுன ஒரு பழைய பாத்திரத்த எறக்கி, இது யாரு கல்யாணத்துக்கு வந்ததுன்னு கேளுங்க. எனக்கு ஒரு குடத்துலருந்து ஒண்ணரை மணி நேரம் ரெக்கார்டிங் கெடைச்சுது, எரிக்சனோட கடைசி ஸ்டேஜ்ல வர்ற இன்டெக்ரிட்டியும் (வாழ்ந்தது போதும்ங்கற நிறைவு) டிஸ்பேரும் (வீணாப் போச்சேங்கற விரக்தி) ரெண்டும் அதுக்குள்ளயே இருந்துச்சு. ஆனா ரெக்கார்ட்ல நிஜப் பேர் போடக்கூடாதுங்கறத மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. நான் 'திருமதி க, வயது 78'ன்னு எழுதியிருந்தத ஆச்சி படிக்கச் சொல்லி கேட்டுட்டு, இவ்ளோ பேசுனேன் என் பேரக் காணோம்னு ரெண்டு நாள் மூஞ்சி குடுக்கல.