டயாலிசிஸ் நோயாளிகளின் தமனி விறைப்பு: புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் பிபி பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். போன வாரம் எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நோயாளியிடம், "சாப்பாடு முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு எல்லா மாத்திரையும் போடுங்க ஐயா" என்றார். நானும் புதிதில் அப்படியேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டிலிருந்து பிரிப்பது

4 மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் 600 முதல் 1000 மி.கி. வரை பாஸ்பரஸ் வெளியேறும். ஒரு நாள் சாப்பாட்டிலேயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்தாலும் கணக்கு நேராகாது. மிச்சத்தைக் குடலிலேயே பிடித்து வைக்கத்தான் இந்த மாத்திரை. குடலில் சோறு இருந்தால்தான் அதற்கு வேலை. வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பரஸ் குறையாது. கால்சியம் கலந்த மாத்திரை என்றால் அந்தக் கால்சியமும் இரத்தத்தில் சேரும். இரண்டும் கூடினால் தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படியும், ரப்பர் போல் விரிய வேண்டிய குழாய் விறைத்துவிடும்.

நான் சொன்னதைக் கேட்ட பெரியவர் ஒருவர் மாதக்கணக்கில் மணி பார்த்து மாத்திரை போட்டார். இரத்தத்தில் பாஸ்பரஸ் 8 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். எப்போது போடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "தம்பி, நீங்க சொன்ன மாதிரிதான் போடுறேன்" என்பார். அப்புறம் வேறு எதற்கோ கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டுத் தமனி இரண்டு வெள்ளைக் கோடாக, தண்டவாளம் மாதிரி தெரிந்தது. படிந்த சுண்ணாம்பைத் திரும்ப எடுக்க உறுதியான வழி இல்லை. இன்றைக்கும் யாராவது அந்த மாத்திரையைத் தனியாகப் போடச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. முதல் வாய் இட்லியோடு போகட்டும். டிபன் பாக்ஸ் திறக்கும்போதே மாத்திரையும் கையில் இருக்க வேண்டும்.

180/70-ஐப் பார்த்து 'கீழ் அளவு நார்மல்' என்று எழுதுவது

மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி 110. அதைத்தான் பார்க்க வேண்டும். விறைத்த குழாயில் இதயத்திலிருந்து கிளம்பும் அலை வேகமாகப் போய், இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே எதிரொலித்துத் திரும்பிவிடும். அதனால் மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் போகிறது. கீழ் அளவு இறங்கினால் அதுவும் குறையும். வேலை கூடி, தீனி குறைந்த இதயம் தடித்துப்போகும்.

டிரை வெயிட்டை (உடலில் மிகை நீர் இல்லாதபோது இருக்கும் எடை) பார்க்காமல் பிபி மாத்திரையைக் கூட்டச் சொல்வது

முதலில் உடலில் தேங்கிய தண்ணீரை எடுங்கள்.

நாடி அலை வேகத்தை (துடிப்பு தமனி வழியே ஓடும் வேகம்) ஒருமுறை டயாலிசிஸுக்கு முன்பும் மறுமுறை பின்பும் எடுத்து ஒப்பிடுவது

நீரும் பிபியும் மாறினால் வேகமும் மாறும். வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் விறைப்பு என்று கொள்வார்கள். எப்போது எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.