கிணற்று நீச்சல்காரி ஸ்கூபா தேர்வுக்குத் தயாரான விதம்

எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எட்டு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கிணற்றில் தள்ளிவிட்டார் மாமா. பிறகென்ன, பம்புசெட் ரூம் மேலிருந்து குதிப்பேன், முங்கிப்போய் அடிமண் எடுத்து வருவேன். அந்தத் தைரியத்தில், 38 வயதில் அந்தமான் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) கோர்ஸுக்குப் பணம் கட்டியபோது நீச்சல் தேர்வை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது மதுரையில் ஒரு 25 மீட்டர் குளத்தில் இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது தடவை குறுக்கே போனதுமே கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினேன். பக்கத்தில் ஒரு பொடியன், "ஆன்ட்டி, ஏணி அந்தப் பக்கம் இருக்கு" என்றான்.

கிணற்றில் யாரும் தூரம் நீந்துவதில்லை. குதித்து, நாலு கை போட்டு, படியைப் பிடித்தால் சரி. தேர்வில் கேட்பது வேறு. நான் சேர்ந்தது ஸ்கூபா கற்றுத்தரும் 'பாடி' (PADI) அமைப்பின் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை கோர்ஸ். அதில் மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி), காலில் மாட்டும் துடுப்பு எதுவும் இல்லாமல் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். அல்லது மாஸ்க், ஸ்னார்க்கல் என்ற மூச்சுக்குழாய், காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு 300 மீட்டர். அதோடு, எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கெடு கிடையாது, எந்த நீச்சல் வேண்டுமானாலும் அடிக்கலாம். துடுப்பு மாட்டிப் பழக்கமில்லாதவர்கள் 300 சுலபம் என்று ஏமாற வேண்டாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நான் 200-ஐ எடுத்தேன்.

என் கோளாறு கையிலோ காலிலோ இல்லை, மூச்சில் இருந்தது. கிணற்றில் மூச்சை அடக்குகிறவன்தான் வீரன். அதே பழக்கத்தில் குளத்திலும் மூச்சைக் கட்டிக்கொண்டு, தலையைத் தூக்கியபடி அடித்துக்கொண்டிருந்தேன். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும். அப்புறம் நீந்துவது மேட்டில் வண்டி தள்ளுவது போலத்தான். முதல் வாரம் முழுக்க நான் நீந்தவே இல்லை. மார்பளவு ஆழத்தில் நின்று, முங்கி மூக்கு வழியாகக் குமிழி விட்டு, எழுந்து வாயால் மூச்செடுத்தேன். இப்படி 20 முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 20. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். தலையைத் திருப்பும்போது எடுப்பதற்கு மட்டும்தான் நேரம் இருக்கும், விடுவதற்கு இருக்காது.

ஸ்கூபாவில் முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பதுதான். சிலிண்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்குள் காற்று விரிந்து அதைக் கிழித்துவிடலாம். ஆக, மாமா கற்றுக்கொடுத்ததில் பாதியை நான் மறக்க வேண்டியிருந்தது. தயாராகிறேன் என்று யாரும் தனியாக மூச்சடக்கிப் பழக வேண்டாம். அதிலும் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டுப் போனால், முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வரலாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து 25 மீட்டர் நீந்தி, அரை நிமிடம் நின்று, மீண்டும் 25. வாரம் மூன்று நாள் போனேன். நிற்கும் நேரத்தை மெல்லக் குறைத்தேன். மூச்சு வாங்கினால் நிற்காமல் வேகத்தைப் பாதியாக்கினேன். நான்காவது வாரக் கடைசியில் எட்டுத் தடவையும், அதாவது 200 மீட்டரும், நிற்காமல் முடிந்தது. எண்ணிக்கை மறந்து போகும் என்பதால் ஒரு வழி வைத்திருந்தேன். எங்களூர் பஸ் நிறுத்தங்கள்: செல்லம்பட்டி, கருமாத்தூர், செக்கானூரணி, பல்கலைக்கழகம், நாகமலை புதுக்கோட்டை, காளவாசல், அரசரடி, எட்டாவது பெரியார். காளவாசலில்தான் எப்போதும் கை கனக்கும், பஸ்ஸும் அங்கேதான் நெரிசலில் நிற்கும். கடைசி வாரங்களில் 12 தடவை வரை போய்ப் பழகிக்கொண்டேன். நீச்சல் கண்ணாடியையும் கழற்றிவிட்டேன். நீருக்கடியில் மாஸ்கைக் கழற்றி மாட்டும் பயிற்சி பின்னால் வரும், அப்போது கண்ணில் தண்ணீர் பட்டால் பதற மாட்டோம்.

உடுப்பு விஷயத்தில் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பருத்திச் சுடிதார் தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். உடம்போடு ஒட்டும் நைலான் லெக்கிங்ஸும் முழுக்கை மேல்சட்டையும் போதும்.

மிதப்பதற்கு மல்லாந்து படுங்கள். காது தண்ணீருக்குள் இருக்கட்டும், நெஞ்சில் எப்போதும் காற்று நிறைந்திருக்கட்டும். விடும்போது சட்டென்று விட்டு உடனே நிரப்புங்கள். கால் தாழ்ந்தால் கைகளைத் தலைக்குப் பின்னால் நீட்டினால் மேலே வரும். அலுத்தால் கொஞ்ச நேரம் நிமிர்ந்து, தவளை மாதிரி காலை விரித்து உதையுங்கள். சைக்கிள் மிதிப்பது போல் மிதித்தால் நாலு நிமிடத்தில் தொடை கெஞ்சும்.

கோர்ஸுக்கான மருத்துவப் படிவத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள். ஆஸ்துமா போன்ற ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும், அதைத் தீவில் போய்த் தேடி அலைய முடியாது.

எனக்குத் தேர்வு கடலில் நடந்தது, கரையை ஒட்டியபடி இரண்டு மிதவைகளுக்கு நடுவே போய்வர வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் போர்ட் பிளேயர்த் தமிழ்ப் பையன். "அவசரமே இல்லக்கா, மெதுவா வாங்க" என்றார். உப்புத் தண்ணீர் நன்றாகவே தூக்கிப் பிடிக்கிறது, ஆனால் மூச்செடுக்கும் பக்கம் அலை அடித்தால் வாய் நிறைய உப்புதான். இரண்டு பக்கமும் திரும்பி மூச்செடுக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்குத் தெரியாது, நாலைந்து மிடறு குடித்தேன்.

மிதக்கும்போது ஒன்பதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்தது. மல்லாந்தபடியே கால்விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கம் இழுத்ததும் விட்டுவிட்டது. இதையும் குளத்திலேயே நாலு முறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். முதல் தடவை செய்யும்போது நிச்சயம் ஒரு முங்கு முங்குவீர்கள்.