பழைய இங்கிலீஷ் பாதிரியார் குடும்பத்தோட ஊர்களை தேடிப் போறது எப்படி

பேரை மட்டும் வச்சு தேடினா கண்டிப்பா தப்பான ஆள்கிட்டதான் போய் நிப்பீங்க, அதை மொதல்லயே சொல்லிடறேன். உதாரணத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டனோட எள்ளுத்தாத்தா, பாதிரியார் லாரன்ஸ் வாஷிங்டன். இவரோட அப்பா பேரும் லாரன்ஸ், கொள்ளுத்தாத்தாவும் லாரன்ஸ், மகன்ல ஒருத்தனும் லாரன்ஸ்! 1790கள்ல ஐசக் ஹெர்ட்னு ஒருத்தர் இந்த பாதிரியாரே வர்ஜீனியாவுக்கு கப்பலேறிட்டாருன்னு முடிவு பண்ணிட்டார், பேரு ஒத்துப்போச்சில்ல அதான். அது தப்புன்னு தெரியவே எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

அதனால பேரை விட்டுட்டு வேலையை புடிங்க. பாதிரியார்னா படிப்பு, பதவி எல்லாத்துக்கும் எங்கயாவது எழுத்து இருக்கும். 1540ல இருந்து 1835 வரைக்கும் இங்கிலாந்து சர்ச் பாதிரியார்கள் எந்த ஊர்ல எப்ப வேலை பார்த்தாங்கன்னு ஒரு டேட்டாபேஸ் ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ்ல படிச்சவங்க லிஸ்ட்டும் தனியா அச்சுல வந்திருக்கு. நம்ம ஆளு ஆக்ஸ்ஃபோர்டு பிரேஸ்னோஸ் காலேஜ்ல ஃபெலோ, அதாவது காலேஜ்லயே பதவில இருக்கற அறிஞர், 1633ல எசெக்ஸ் மாவட்டத்துல பர்லீங்கற ஊருக்கு பாதிரியாரா போறார். நல்ல காலேஜ் வேலைய ஏன் விட்டார்னா, ஃபெலோவா இருந்தா கல்யாணம் பண்ணிக்க முடியாது, அவ்ளோதான்.

அடுத்து சர்ச் ரிஜிஸ்டர். 1538ல இருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் ஒவ்வொரு சர்ச்சும் எழுதி வைக்கணும்னு உத்தரவு, ஆனா எல்லா ஊர்லயும் அவ்ளோ பழசு மிஞ்சல. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க, அப்பா வேலை பார்த்த ஊர்லயே புள்ளைங்க ரிஜிஸ்டரை தேடிட்டு இருப்பாங்க. நம்ம ஊர்ல பிரசவத்துக்கு பொண்ணு அம்மா வீட்டுக்கு போற மாதிரி இங்கயும் மனைவி ஆம்ஃபிலிஸோட சொந்தக்காரங்க இருந்த, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல இருக்கற டிரிங் ஊர் சர்ச்லதான் மகன் லாரன்ஸுக்கு 1635ல ஞானஸ்நானம். ஆம்ஃபிலிஸ் அம்மாவோட ரெண்டாவது புருஷன் ஆண்ட்ரூ நோலிங் எழுதின உயில்லயும் இந்த புள்ளைங்க பேரு வருது, ஹென்றி வாட்டர்ஸ்ங்கற வம்சாவளி ஆராய்ச்சியாளர் 1889ல குடும்பத்தை சரியா கோர்த்ததுக்கு அந்த உயில்தான் பெரிய கை கொடுத்துச்சு. சோ மாமனார் வீட்டு உயிலை விடாதீங்க. 1858க்கு முன்னாடி கேன்டர்பரி சர்ச் கோர்ட்ல பதிவான உயிலெல்லாம் லண்டன்ல க்யூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு.

தேதி விஷயத்துல ஜாக்கிரதை. 1752க்கு முன்னாடி அங்க வருஷம் மார்ச் 25லதான் பொறக்கும், அதனால பாதிரியாரை எசெக்ஸ்ல இருக்கற மால்டன் சர்ச்ல அடக்கம் பண்ணது ரிஜிஸ்டர் கணக்குல 1652 ஜனவரி, நம்ம கணக்குல 1653. இது தெரியாம போனா அப்பா செத்தப்புறம் புள்ளைக்கு அப்பா கையெழுத்து போட்ட மாதிரி எல்லாம் வரும்.

நேர்ல போறவங்க நார்தாம்ப்டன்ஷயர்ல ஆரம்பிங்க. சல்கிரேவ் மேனர்ங்கற பழைய பெரிய வீடு பாதிரியாரோட கொள்ளுத்தாத்தா கட்டினது, வாசல்லயே குடும்ப சின்னம், நட்சத்திரமும் பட்டையும், பார்த்தா அமெரிக்கா கொடி ஞாபகம் வரும். கிரேட் பிரிங்டன் சர்ச்ல பாதிரியாரோட அப்பா கல்லறை, 1616. அப்புறம் டிரிங், கடைசியா எசெக்ஸ். செம்ஸ்ஃபோர்டுல எசெக்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கு, அங்க ஒரு நாள் ஒதுக்கிட்டு அப்புறம் மால்டன், பர்லீ போங்க. மால்டன் சர்ச்ல 1928ல அமெரிக்காவுல இருக்கற இன்னொரு மால்டன்காரங்க குடுத்த கண்ணாடி ஜன்னல் இருக்கு, மிஸ் பண்ணாதீங்க.

பர்லீ எனக்கு ரொம்ப புடிச்ச ஊர். 1643ல, ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் சண்டை நடந்தப்ப, பார்லிமென்ட் ஆளுங்க பாதிரியார் லாரன்ஸ் எப்பப் பாரு சாராயக்கடையிலயே உக்காந்திருக்கார்னு குத்தம் சொல்லி வேலையை விட்டு தூக்கிட்டாங்க, இவர் ராஜா கட்சிங்கறதால எதிராளி எழுதினதை அப்படியே நம்பிடாதீங்க. சர்ச்சை பார்த்து முடிச்சா பக்கத்துலயே பெல்னு ஒரு பப், திறந்திருந்தா அங்க போய் சாப்பிட்டுக்கலாம்.