தேடி வரும் உதவி: புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் சில வாரங்களில் நாம் புதியவர்கள் என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். போனில் மேப்பையும் தெருப் பலகையையும் மாறி மாறிப் பார்ப்போம். பெட்டியோடு வழியிலேயே நின்றுவிடுவோம். டிக்கெட் மெஷின் முன்னால் தயங்குவோம். அந்தத் தயக்கத்துக்காகவே காத்திருக்கும் ஆட்கள் எல்லாப் பெரிய ஊரிலும் உண்டு. சிரித்த முகத்தோடு, நல்ல பேச்சோடு, உதவி செய்கிற தோரணையில் வருவார்கள். அதனால்தான் விவரமானவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பேச்சை யார் தொடங்கினார்கள் என்று பாருங்கள். வழி தெரியாமல் நீங்களாகப் போய் ஒருவரிடம் கேட்டால், அவர் ஏமாற்றுக்காரராக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற சாதாரண மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அத்தனை கூட்டத்தில் ஒருவர் உங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நெருங்கி வருகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சுற்றுலாத் தலத்தின் வாசலிலும், ரயில் நிலையத்திலும், விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்திலும் அது நல்ல காரணமாக இருப்பது அபூர்வம்.

இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பாரிஸை எடுத்துக்கொள்வோம். மோன்மார்த் குன்றின் மேல் சாக்ரே கேர் தேவாலயம் இருக்கிறது. மேலே போகும் படிகளின் அடியில் சிலர் வண்ண நூல்களோடு நிற்பார்கள். ஒருவர் கையை நீட்டி, “எந்த நாடு? இந்தியாவா, ஸ்ரீலங்காவா?” என்பார். பதில் சொன்னதும் கிரிக்கெட்டைப் பற்றி நாலு வார்த்தை. சிரித்துக்கொண்டே உங்கள் விரலைப் பிடித்து அதில் ஒரு நூலை மாட்டிவிடுவார். முறுக்க ஆரம்பிப்பார். இப்போது உங்கள் விரல் அந்த நூலின் ஒரு முனை, அவர் கை இன்னொரு முனை. பாதியில் இழுத்துக்கொண்டு போக முடியாது. பெயரைக் கேட்பார், வீட்டில் யார் யார் என்று கேட்பார், நூல் நீண்டுகொண்டே போகும். கடைசியில் மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு இருபது யூரோ என்பார். அதற்குள் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றிருப்பார்கள்.

இதில் மிரட்டல் கடைசி நிமிடத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் நட்பான பேச்சு. நீங்கள் எந்த இடத்தில் தப்பித்திருக்கலாம்? விரலைக் கொடுத்த பிறகு கஷ்டம். நின்ற பிறகும் கஷ்டம்தான். படிக்கு வருவதற்கு முன்பே கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நடையை நிறுத்தாமல் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பக்கத்திலேயே மேலே போக ஃபுனிகுலர் என்ற, கம்பி இழுக்கும் மலை ரயிலும் இருக்கிறது. பாரிஸ் மெட்ரோ, பஸ்ஸுக்கான நவிகோ பாஸ் இருந்தால் அதில் ஏறிப் போய்விடலாம்.

பாரிஸிலேயே இன்னும் இரண்டு. ஸேன் நதிக் கரையில் ஒருவர் உங்கள் காலடியிலிருந்து தங்க மோதிரத்தைக் ‘கண்டெடுத்து’, உங்களுடையதா என்று கேட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பார். பிறகு ஏதாவது பணம் கொடுங்கள் என்று ஆரம்பிப்பார். மோதிரம் பித்தளை. இன்னொன்று, காது கேளாதோருக்காக என்று சொல்லி ஒரு அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டு வரும் இளம்பெண்கள். கையெழுத்துப் போட்டதும் நன்கொடை கேட்பார்கள். அந்த அட்டையை உங்கள் கைப்பைக்கு மேலே மறைவாக நீட்டிக்கொண்டு இன்னொருவர் ஜிப்பைத் திறப்பதும் நடக்கும். யார் எதை நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள். பூ, நூல், சிடி, காகிதம், எதுவாக இருந்தாலும் சரி. கையில் வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்க நமக்கே கூச்சமாகிவிடும். அவர்கள் நம்பியிருப்பது அந்தக் கூச்சத்தைத்தான்.

இஸ்தான்புல்லில் செய்வது இன்னும் மனதைத் தொடும் வகை. ஷூ பாலிஷ் போடுகிறவர் உங்களுக்கு முன்னால் நடந்து போவார். அவர் பெட்டியிலிருந்து பிரஷ் கீழே விழும். நல்ல மனதோடு எடுத்துக் கொடுப்பீர்கள். நெகிழ்ந்துபோய், நன்றிக்காக உங்கள் ஷூவைத் துடைத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்துவிடுவார். முடிந்ததும் பணம், கூடவே நோயாளிக் குழந்தையின் கதை. பிரஷ் விழுந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், உங்கள் வழியில் போங்கள். யாருக்கும் நீங்கள் கெடுதல் செய்யவில்லை.

பாங்காக்கில் தூண்டிலாக வருவது ஒரு தகவல். கிராண்ட் பேலஸ் அரண்மனை மதிலோரம் நடக்கும்போது நல்ல உடை அணிந்த ஒருவர், “இன்று மூடியிருக்கிறது, விசேஷம், மத்தியானம்தான் திறப்பார்கள்” என்பார். அதுவரை வேறு கோயில்களைப் பாருங்கள் என்று சொல்லி மிகக் குறைந்த காசுக்கு ஒரு டுக்டுக் (நம் ஆட்டோ மாதிரி) பிடித்துத் தருவார். அந்த டுக்டுக் ஒன்றிரண்டு கோயிலைக் காட்டிவிட்டு ஒரு தையல் கடைக்கும் ரத்தினக் கடைக்கும் கொண்டுபோய் நிறுத்தும். ஊருக்கு எடுத்துப் போனால் நல்ல லாபத்துக்கு விற்கலாம் என்று ஆசை காட்டி, ஒன்றுக்கும் பெறாத கல்லைத் தலையில் கட்டுவார்கள். இத்தனைக்கும் அரண்மனை அன்று திறந்தே இருந்திருக்கும். மூடியிருக்கிறதா என்பதை வாசலில் சீருடையில் நிற்பவரிடமோ டிக்கெட் கவுண்டரிலோ கேளுங்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனி போலீஸ் இருக்கிறது, எண் 1155. அந்த எண்ணை அழைக்கப்போவதாகச் சொன்னாலே பல தகராறுகள் அடங்கிவிடும்.

பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று சொல்லி மாணவர்கள் மாதிரி இரண்டு மூன்று பேர் வந்து சேர்வார்கள். கொஞ்ச நேரம் இனிமையாகப் பேசிவிட்டு, பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்குக் கூப்பிடுவார்கள். பில் வரும்போதுதான் விலை தெரியும். இஸ்தான்புல் தக்ஸிம் பகுதியில் இதுவே மது விடுதியில் நடக்கிறது. தனியாகப் போகிற ஆண்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சந்தேகம் வந்தால் ஒன்று செய்யுங்கள்: “வாங்க, எனக்குத் தெரிந்த கடைக்குப் போகலாம்” என்று நீங்கள் வேறு கடையைக் காட்டுங்கள். உண்மையான நட்பு என்றால் வருவார்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு உடனே வேறு வேலை வந்துவிடும்.

அப்புறம் டாக்ஸி. விமான நிலையத்தில் வெளியே வந்ததும் “டாக்ஸி, டாக்ஸி” என்று பக்கத்தில் வந்து பெட்டியைப் பிடிக்கிறவரோடு போகவே வேண்டாம். லண்டனில் தெருவில் கை காட்டி ஏற்றிக்கொள்ள கறுப்பு டாக்ஸிக்கு மட்டும்தான் அனுமதி. மினிகேப் என்ற தனியார் வாடகைக் கார் என்றால் முன்பதிவு செய்திருக்க வேண்டும். நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் மஞ்சள் டாக்ஸிக்குத் தனி வரிசை இருக்கிறது, மன்ஹாட்டனுக்குக் கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டது. அதே மன்ஹாட்டனின் தென்முனையில் ஸ்டேட்டன் தீவுப் படகுக்கு டிக்கெட் விற்க ஆள் நிற்பார்கள். அந்தப் படகு எல்லாருக்கும் இலவசம். எந்த ஊருக்குப் போனாலும் விமான நிலையத்திலிருந்து தங்கும் இடத்துக்குப் போகும் வழியையும் கட்டணத்தையும் புறப்படும் முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். களைப்போடு இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நாம் எதையும் ஒப்புக்கொள்வோம்.

சாதாரண உடையில் வந்து ‘போலீஸ்’ என்று சொல்லி, கள்ள நோட்டு இருக்கிறதா என்று பர்ஸைக் கேட்பவர்களிடம் பர்ஸைக் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்துக்கு நடந்தே போகலாம், அங்கே காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

இனி, சொல்லவே சங்கடமான ஒன்று. ரயில் நிலைய வாசலில் ஒருவர் வந்து, “அண்ணா, நீங்க தமிழா?” என்று கேட்பார். பல நாள் கழித்துக் காதில் விழும் தமிழ், மனசு இளகிவிடும். “பர்ஸ் தொலைஞ்சுபோச்சுண்ணா. ஏர்போர்ட் போக டிக்கெட்டுக்கு மட்டும் குடுங்க, நாளைக்கே அனுப்பிடறேன்” என்பார். உண்மையாகவும் இருக்கலாம். நம் ஆள் ஒருவர் தெருவில் தவிப்பதை விட்டுவிட்டுப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கையில் காசு கொடுக்க வேண்டாம். “வாங்க தம்பி, கவுண்டரில் நானே டிக்கெட் எடுத்துத் தரேன்” என்று சொல்லுங்கள், அல்லது தூதரகத்துக்கு உங்கள் போனிலிருந்தே அழைத்துக் கொடுங்கள். உண்மையில் தவிக்கிறவருக்கு அது பெரிய உதவி. காசுக்காக வந்தவர் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மொழியை வைத்து வரும் நம்பிக்கை வாடகை வீட்டு விஷயத்திலும் வேலை செய்கிறது. “நான் இப்போது வெளியூரில் இருக்கிறேன், டெபாசிட்டை அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்” என்று எழுதுகிறவர் எந்த மொழியில் எழுதினாலும் அனுப்பாதீர்கள். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ உள்ளே போய்ப் பார்க்காத அறைக்குப் பணம் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமான வாடகை ஒப்பந்தம் என்றால், வீட்டுக்காரர் உங்கள் டெபாசிட்டை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பாதுகாக்க வேண்டும். எந்தத் திட்டம் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு அறை பாருங்கள்.

போனில் வருவதும் இதே வகைதான். குடிவரவுத் துறை, தூதரகம், வரி அலுவலகம் என்று சொல்லி, உங்கள் விசாவில் சிக்கல், இன்றே கட்டாவிட்டால் கைது என்பார்கள். அமெரிக்காவில் இந்தியத் தூதரகத்தின் எண்ணே திரையில் தெரிகிற மாதிரி அழைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். தூதரகமே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எந்த அரசும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்காது. போனை வைத்துவிட்டு, அந்தத் துறையின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பிரிட்டனில் வங்கியிலிருந்து என்று அழைப்பு வந்தால் 159-க்கு அழைத்தால் பெரும்பாலும் உங்கள் வங்கியோடு இணைப்பார்கள். சிங்கப்பூரில் மோசடி பற்றிக் கேட்க 1799.

மாணவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். “உன் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னொரு அக்கவுண்டுக்கு மாற்றிவிடு, கமிஷன் தருகிறேன்” என்று நண்பனின் நண்பன் யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் வேறு யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம். நமக்குத் தெரியாது என்று பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம். பிரிட்டனில் குற்றத்தில் வந்த பணத்தைக் கைமாற்றும் குற்றத்துக்கு 14 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. வங்கிக் கணக்கையும் மூடிவிடுவார்கள், அதன்பின் அந்த நாட்டில் வேறு கணக்குத் திறப்பதே பாடாகிவிடும்.

மறுப்பது எப்படி என்றுதான் பலர் கேட்கிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் பேச வேண்டியதில்லை. “நோ, தேங்க்யூ” என்று ஒரு முறை, நடந்துகொண்டே. காரணம் சொல்லாதீர்கள். நேரமில்லை என்றால் ஒரு நிமிடம் போதும் என்பார்கள், காசில்லை என்றால் கார்டு மெஷினை நீட்டுவார்கள். “முதல் தடவையா வர்றீங்க?” என்ற கேள்விக்கு “இங்கேதான் இருக்கிறேன்” என்பதே போதும்.

இதையெல்லாம் மீறி ஏமாந்துபோனால் முதல் வேலை, வங்கி ஆப்பில் கார்டை முடக்குவது. அடுத்தது போலீஸில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்வது; பயணக் காப்பீட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசரத்துக்கு 112. பாஸ்போர்ட் போயிருந்தால் அந்தப் புகாரோடு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போங்கள். இந்தியத் தூதரகங்கள் ஊர் திரும்ப மட்டும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். தங்கியிருக்கப் போகிறீர்கள் என்றால் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் படத்தை மெயிலில் வைத்திருந்தால் இதெல்லாம் வேகமாக நடக்கும்.

கூடத் தங்கியிருப்பவர்களிடம் அன்றைக்கே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அதே ஆள் அடுத்த வாரம் உங்கள் அறைத் தோழரைப் பிடிப்பான். அப்புறம் சில நாட்களில் ஒருவர் அழைத்து, நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் சின்னக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவதால் வரும் அழைப்பு அது. அவருக்கும் ஒரு காசு அனுப்பாதீர்கள்.