மா பற்றிய ஆய்வேட்டுக்கு எந்த எண்? ஆய்வுச் சுருக்கமும் பகுப்பெண்ணும்: புதியவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி நூலகத்துக்கு மா பற்றிய ஆய்வேடு வந்தால், புதிதாகச் சேர்ந்தவரின் கை நேராக 634.44-க்குத்தான் போகும். நூல்களுக்குத் துறைவாரியாக எண் (பகுப்பெண்) கொடுத்து அடுக்கும் டியூயி தசமப் பகுப்பில் அது மா சாகுபடிக்கு உரிய எண். ஆனால் அந்த ஆய்வேடு சாகுபடியைப் பற்றியதாக இருக்க வேண்டுமே! முதலில் ஆய்வுச் சுருக்கம், அதன் பிறகே பகுப்பெண் என்று வரிசை வைத்துக்கொண்டால் இந்தத் தவறு பெரும்பாலும் நேராது. பயிற்சிக்காக ஒரு கற்பனை ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: 'கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா: ஓர் ஆய்வு'.

படி 1: முழுதாகப் படிக்க வேண்டாம்

பொருளடக்கம், முன்னுரை, அட்டவணைகளின் தலைப்புகள், கடைசி இயல். இவற்றைப் பார்த்தால் போதும். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: எதற்காகச் செய்தார், எப்படிச் செய்தார், என்ன கண்டார், என்ன முடிவு சொல்கிறார். மூன்றாவது வரி காலியாக இருந்தால் கடைசி இயலுக்குத் திரும்பிப் போங்கள்.

படி 2: சுருக்கம் எழுதுதல்

ஆய்வுச் சுருக்கத்துக்கான ஐஎஸ்ஓ 214 தரவிதி, பெரும்பாலான கட்டுரைகளுக்கு 250 சொற்களுக்குள்ளும், ஆய்வேடு போன்ற நீண்ட ஆவணங்களுக்கு 500 சொற்களுக்குள்ளும் முடிக்கச் சொல்கிறது. நூலகப் பட்டியலுக்கு 100 சொல்லே தாராளம். புதியவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"இந்த ஆய்வேட்டில் மா விவசாயிகளின் பிரச்சினைகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பல பயனுள்ள பரிந்துரைகளும் வழங்கப்பட்டுள்ளன."

இதை எந்த ஆய்வேட்டின் மேலும் ஒட்டலாம். என்ன பிரச்சினை, என்ன பரிந்துரை என்று ஒன்றுமே இல்லை. 'விரிவாக', 'பயனுள்ள' என்பவை எழுதுபவரின் பாராட்டு. சுருக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"காவேரிப்பட்டணம், பர்கூர் வட்டாரங்களில் 120 மா விவசாயிகளிடம் நேர்காணல் நடத்தி, விற்பனை முறைக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டது. பூக்கும் முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்களைவிட, அறுவடை செய்து மண்டியில் விற்றவர்களுக்கு ஏக்கருக்குக் கூடுதல் வருமானம் கிடைத்தது. பெங்களூரா ரகத்தின் விலையை மாங்கூழ் ஆலைகளின் கொள்முதலே தீர்மானித்தது. சிறு விவசாயிகள் சேர்ந்து விற்கும் ஏற்பாட்டை ஆய்வு பரிந்துரைக்கிறது."

தலைப்பைத் திரும்பச் சொல்லவில்லை. இடம், எண்ணிக்கை, முறை, முடிவு எல்லாம் வந்துவிட்டன. ஆய்வேட்டில் இல்லாத ஒரு கருத்தும் உள்ளே வரக்கூடாது, அது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததாக இருந்தாலும் சரி.

படி 3: எண்ணைத் தேடுதல்

சுருக்கத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எந்தத் துறைக்காரர் தேடி வருவார்? டியூயி பொருளை மட்டும் வைத்துப் பிரிப்பதில்லை, முதலில் துறையை வைத்துப் பிரிக்கிறது. அதனால் ஒரே மா பல அலமாரிகளில் இருக்கும்:

சாகுபடி, ஒட்டுக்கட்டுதல் என்றால் 634.44
மாங்கூழ் தயாரிப்பு என்றால் 664.80444
மா உற்பத்தியின் பொருளாதாரம் என்றால் 338.17444
மாங்காய்ச் சமையல் என்றால் 641.6444

நான்கிலும் கடைசியில் 444 வருவதைப் பாருங்கள். 634.44-இல் 63-ஐ நீக்கினால் மிஞ்சும் 4, 44 ஆகியவற்றை 444 என்று அடிப்படை எண்ணோடு (338.17 போல) சேர்க்கச் சொல்கிறது டியூயியின் எண் அட்டவணை. இந்த வழி கைவந்தால் தக்காளி, ராகி எல்லாவற்றுக்கும் நீங்களே எண் கட்டலாம். நம் கற்பனை ஆய்வேடு வருமானத்தைப் பற்றியது, ஆகவே 338.17444.

மாங்கூழ் ஆலைகளும் பேசப்படுகின்றனவே என்று குழம்ப வேண்டாம். ஒன்று மற்றொன்றைப் பாதிப்பதாக ஆய்வு சொன்னால், பாதிக்கப்படும் பொருளின் கீழ்தான் வைக்க வேண்டும். இங்கே ஆலை பாதிக்கிறது, விவசாயியின் வருமானம் பாதிக்கப்படுகிறது. இரண்டு பொருளும் சரிசமமாக இருந்தால்தான் அட்டவணையில் முன்னால் வரும் எண்ணுக்குப் போகலாம்.

டியூயியின் கடைசித் தொகுதியில் உள்ள சொல்லடைவில் கண்ட எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். அது வழிகாட்ட மட்டுமே. உரிய அட்டவணைப் பக்கத்துக்குப் போய், எண்ணுக்கு மேலும் கீழும் உள்ள குறிப்புகளைப் படித்த பிறகே உறுதி செய்யுங்கள்.

படி 4: இடமும் நீளமும்

இடத்தைச் சொல்லும் 09-உடன் தமிழ்நாட்டுக்கான 5482 சேரும்: 338.17444095482. பட்டியலில் முழு எண்ணை வைத்துக்கொள்ளலாம். நூலின் முதுகில் ஒட்டும் சீட்டில் இவ்வளவு நீள எண் நிற்காது, அடுக்குபவருக்கும் தடுமாற்றம். சிறு நூலகமென்றால் 338.17444-இல் நிறுத்துங்கள். 338.174440 என்று பூஜ்யத்தில் வெட்டக்கூடாது. பொருள் முடியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். பகுப்பெண்ணுக்குக் கீழே எழுதும் ஆசிரியர் குறியீட்டுக்கு, பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்தை விட்டுவிட்டு இயற்பெயரின் முதல் எழுத்துகளை எடுங்கள்.

படி 5: தேடுசொற்கள்

மா, மாங்காய், மாம்பழம் மூன்றையும் போடுங்கள். பெங்களூராவை எழுதினால் தோத்தாபுரியையும் சேருங்கள். ஒரே ரகத்துக்கு இரண்டு பெயர். தருமபுரி, தர்மபுரி என்ற இரண்டு எழுத்து வழக்கில் ஒன்றைத் தலைச்சொல்லாக வைத்து, மற்றதிலிருந்து அதற்கு வழி காட்டுங்கள். கணினி இரண்டையும் வேறு வேறு ஊராகத்தான் பார்க்கும்.

பழைய ஆய்வேடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி 2004-இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய ஆய்வேட்டின் அட்டையில் 'தருமபுரி மாவட்டம்' என்றிருக்கும், உள்ளே ஆய்வு செய்த ஊர்கள் பர்கூராகவும் ஊத்தங்கரையாகவும் இருக்கும். 1965-க்கு முந்தைய ஆவணமென்றால் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். அட்டையில் உள்ள பெயரை மாற்றாமல், ஊர்ப் பட்டியலைப் பார்த்து இன்றைய மாவட்டப் பெயரையும் தேடுசொல்லாகச் சேர்த்துவிடுங்கள்.