பி.டி. பீரியட்ல டீம் கேம்ஸ் வைக்கும்போது நாம பண்ற தப்புகள்

ரிலே வைக்கும்போது "அந்தச் சுவரைத் தொட்டுட்டு ஓடி வாங்க"ன்னு சொல்றது நமக்கெல்லாம் தானா வாய்ல வர்றது. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் ஆறாவது படிக்கிற பொண்ணு, அவ டீம் பின்தங்கிப் போச்சேங்கிற அவசரத்துல முழு வேகத்துல போயி, நிக்க முடியாம ரெண்டு கையையும் சுவர்ல ஊனி, அப்படியே மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அழக்கூட இல்ல, முகம் மட்டும் வெளிறிப் போச்சு. எலும்புல விரிசல். அவ என்ன தப்பு பண்ணினா, வேகமா ஓடச் சொன்னதும் நான்தான், சுவரைத் தொடச் சொன்னதும் நான்தான். அதுக்கப்புறம் சுவருக்கு 3 மீட்டராவது முன்னாடி கோன் வச்சு, அதைச் சுத்தித் திரும்பி வரச் சொல்றேன், ஒரு டீமுக்கு ஒரு கோன், எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்தணும், இல்லன்னா திரும்பும்போது மோதிக்குவாங்க.

அடிபட்டா உடனே "பசங்க முரட்டுத்தனமா விளையாடறாங்க"ன்னு சொல்லிடறோம். என் அனுபவத்துல முக்கால்வாசி அடி நாம இடத்தைப் பிரிச்ச விதத்துலயே முடிவாயிடுது. பக்கத்து பக்கத்துல ரெண்டு மேட்ச் விட்டுட்டு இந்த கோல் அந்த மேட்ச் பக்கம் பாக்கற மாதிரி வச்சா, இங்க அடிக்கற பந்து அங்க ஓடிட்டு இருக்கறவன் காலுக்குக் கீழதான் போகும். பையும் தண்ணி பாட்டிலும் கோட்டை ஒட்டிக் கிடக்கறதும் இதே கதைதான். நகர்த்தற மாதிரி இருக்கற கோல் போஸ்ட்டை மட்டும் தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க, குறுக்குக் கம்பியில ஒரு பையன் தொங்கினாலே முன்னாடி சாஞ்சிடும், அதுல உயிரே போயிருக்கு. பின்பக்கத்தை முளை அடிச்சோ கனமான மூட்டை வச்சோ இறுக்கிட்டு, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பிடிச்சு ஆட்டிப் பாருங்க.

அடுத்தது, விசில் அடிச்சா நிக்கணும்னு பசங்களுக்குத் தெரியும்னு நாமளே நினைச்சுக்கறது. தெரியாதுங்க. முதல் நாளே நடந்துக்கிட்டே ரெண்டு மூணு தடவை பழக்கி, விசில் கேட்டா பந்தைக் கையில எடுத்துட்டு அங்கயே நிக்கணும்னு ஆக்கிட்டா அவசரத்துக்குக் கைகொடுக்கும். நாம நிக்கற இடமும் முக்கியம், நடுவுல நின்னா பாதிப் பேரு முதுகுக்குப் பின்னாடி போயிடறாங்க, கோட்டுக்கு வெளிய நின்னாதான் எல்லாரும் கண்ணுக்குள்ள இருப்பாங்க.

பந்தால அடிச்சு அவுட் ஆக்கற ஆட்டம் பசங்களுக்கு உயிரு, ஆனா அதுல முதல்ல அவுட் ஆகறது யாரு பாருங்க, எந்தப் பிள்ளைக்கு ஓட்டமும் பயிற்சியும் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான். மீதி நேரம் ஓரத்துல சும்மா உக்காந்திருக்கும், இன்னும் பத்து பேர் சேர்ந்ததும் அங்க தள்ளுமுள்ளு ஆரம்பிச்சிடும். அவுட் ஆனவங்க 5 தடவை குதிச்சுட்டு திரும்ப உள்ள வரட்டும், பந்து ஸ்பாஞ்சா இருக்கட்டும், இடுப்புக்கு மேல பட்டா கணக்கில்லன்னு வச்சிடுங்க.

பந்து சைஸையும் யாரும் கண்டுக்கறதில்ல. 5ம் நம்பர் ஃபுட்பால் 410லருந்து 450 கிராம் இருக்கும், அதை ஏழு வயசுப் பிள்ளைங்க கூட்டத்துல விடறது சரியில்ல. 8 வயசுக்குக் கீழ 3ம் நம்பர், 8லருந்து 12 வரைக்கும் 4ம் நம்பர் போதும். 40 பேரையும் ஒரே பந்துக்குப் பின்னாடி ஓட விடாம நாலுக்கு நாலா சின்னச் சின்ன மேட்ச் வச்சா மோதலும் குறையும், எல்லார் காலுக்கும் பந்து கிடைக்கும். டீம் பிரிக்க கேப்டன்களை ஒவ்வொருத்தரா ஆள் கூப்பிட வைக்காதீங்க, கடைசி வரைக்கும் யாரும் கூப்பிடாம நிக்கற பிள்ளை தரையைப் பாத்துக்கிட்டு நிக்கறதை என்னால பாக்க முடியல. உடல்வாகும் திறமையும் பாத்து நீங்களே பிரிச்சிடுங்க.

கம்மல், செயின், அவிழ்ந்த ஷூ லேஸ், வாயில பபிள்கம், இதெல்லாம் ஒரு நிமிஷ வேலை. இன்ஹேலர் வச்சிருக்கற பிள்ளையோட இன்ஹேலர் கிளாஸ்ல பைக்குள்ள இல்லாம கிரவுண்ட்ல உங்க கைக்கு எட்டற இடத்துல இருக்கணும்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, தலையில அடிபட்டவனை "ஒண்ணும் இல்ல சார்"னு அவன் சொன்னதை நம்பி மறுபடி இறக்கி விடறது. மயக்கம் போட்டாதான் மூளை அதிர்ச்சின்னு இல்ல. தலைவலி, தலைசுத்தல், கேட்டதையே திரும்பக் கேக்கறது, எந்த டீம்ல விளையாடினோம்னே மறந்துபோறது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு அவனுக்கு ஆட்டம் கிடையாது, டாக்டர் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான். திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம் கூடிட்டே போறது, வலிப்பு, ஒரு கண்ணோட பாப்பா மட்டும் பெருசாத் தெரியறது, இப்படி எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. சில அறிகுறி பல மணி நேரம் கழிச்சுதான் வரும், அதனால சாயங்காலம் பிள்ளை கையில சீட்டு கொடுத்து அனுப்பறதோட விடாம அப்பா அம்மாகிட்ட நீங்களே பேசுங்க, எப்போ அடிபட்டுச்சு, எதுல பட்டுச்சு, ராத்திரி எதையெல்லாம் கவனிக்கணும்னு.